நகையும் உடையும்: தமிழ்க் குழந்தைப் பாடல், படநூல் மரபில் ஆடை – சேர்வராயன் மலைப் பின்புலத்தில் ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

சிறு குழந்தைகளுக்கான எதுகை நயம் மிக்க வேடிக்கைப் பாடல்களிலும் படநூல்களிலும் ஆடை உலகெங்கும் விருப்பமான பொருளாக இருந்து வருகிறது. தமிழ் எழுத்து மரபில் அது நெடுங்காலம் நகைப்புக்கு உரியதாகாமல் ஒழுக்கத்துக்கும் கடமைக்கும் உரியதாகவே நின்றது. இதன் காரணத்தை உடை பற்றிய சமூக வரலாற்றில் தேடும் இக்கட்டுரை, தொல்காப்பிய மெய்ப்பாட்டியலின் நகை பற்றிய வகைப்பாட்டை அளவுகோலாகக் கொள்கிறது. உடை வறுமையின் அடையாளமாகவும் குளிருக்கான தேவையாகவும் விளங்கும் சேர்வராயன் மலைப்பகுதி இவ்வாய்வின் உரைகல்லாக அமைகிறது.

திறவுச்சொற்கள்: குழந்தைப் பாடல், படநூல், ஆடை, நகை, எள்ளல், எதுகை, ஏற்காடு, மலையாளிப் பழங்குடியினர்.

முன்னுரை

சேலம் மாவட்டத்தின் சேர்வராயன் மலைத்தொடரில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,620 மீட்டர் உயரத்தில், குனிந்து நுழைய வேண்டிய ஒரு குகைக்குள் சேர்வராயனும் காவேரியம்மனும் கோயில்கொண்டுள்ளனர். மே மாதத்தில் நிகழும் திருவிழாவுக்கு மலைச்சிற்றூர்களிலிருந்து மலையாளிப் பழங்குடியினர் திரள்கின்றனர். ‘மலையாளி’ என்னும் பெயர் இங்குக் கேரளத்தாரைக் குறிக்காது. காஞ்சிபுரத்திலிருந்து வந்து மலையேறியதாகத் தம் தொல்கதையில் கூறிக்கொள்ளும், தமிழ் பேசும் மக்களையே குறிக்கும். நெசவுக்குப் பேர்போன ஒரு நகரைத் தம் பூர்விகமாகச் சொல்லும் மக்களின் உடை, பிற்கால ஆவணங்களில் பெரும்பாலும் ஒரு கம்பளியாகச் சுருங்கிப்போனது வரலாற்றின் முரண்.

திருவிழாவையும் புத்தாடையையும் இணைத்துக் காண்பது தமிழ்க் குழந்தைகளின் வாய்மொழி வழக்கிலேயே உண்டு. கையை வீசச்செய்து தாயர் பாடும் பெயரறியா ஆசிரியரின் பாடலில் குழந்தை கடைக்குப் போகிறது, தின்பண்டம் வாங்குகிறது, பிறகு சொக்காய் வாங்கிச் சொகுசாக அணிந்து கோயிலுக்குச் செல்கிறது. ‘சொக்காய்’, ‘சொகுசு’ என்னும் இரு சொற்களின் மோனையே அங்கு உடைக்கான முழுக் காரணமாகிறது. சொக்காய் ஏன் வேண்டும் என்று பாடல் கேட்பதில்லை. ஒலி அழைக்கிறது, பொருள் பின்தொடர்கிறது. வேடிக்கைப் பாடலின் இயல்பு இதுவே. இந்த இயல்பு அச்சேறிய குழந்தைப் பாடல்களில் உடையைப் பொறுத்தவரை ஏன் தயங்கி நின்றது என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

அணி பூண்ட குழந்தை

பண்டைத் தமிழ் நூல்களில் சிறு குழந்தைக்கு உடை பெரும்பாலும் பேசப்படுவதில்லை, அணியே பேசப்படுகிறது. புறநானூற்றின் 77ஆம் பாடலில் இடைக்குன்றூர் கிழார், இளம் நெடுஞ்செழியன் போருக்கு எழுந்ததை வியக்கும்போது, அவன் காலின் கிண்கிணியைக் களைந்து கழல் பூண்டதையும், சிறுவர்க்குரிய தாலியை இன்னும் களையாதிருப்பதையும் சுட்டுகிறார். பருவ மாற்றம் அணிமாற்றமாகக் காட்டப்படுகிறது. அதே நூலின் 188ஆம் பாடலில் பாண்டியன் அறிவுடை நம்பி காட்டும் குழந்தை, நெய்ச்சோற்றைத் தன் மெய்யெல்லாம் பூசிக்கொள்கிறது. சோறு படுவது மெய்யில். உடை அங்கு இல்லை. பிற்காலப் பிள்ளைத்தமிழ் நூல்களிலும் ஐம்படைத்தாலியும் அரைஞாணும் கிண்கிணியும் ஒலிக்கும் அளவுக்கு ஆடை அசைவதில்லை. ‘நகை’ என்னும் சொல் அணியையும் சிரிப்பையும் ஒருங்கே குறிப்பதை நோக்க, குழந்தைக்கு ஒன்றை வாரி வழங்கிய மரபு மற்றொன்றில் சிக்கனம் காட்டியது என்று சொல்லத் தோன்றுகிறது.

பெரியோரைப் பற்றிய பாடல்களிலோ உடை அறத்தின் அளவுகோலாகிறது. உண்பதும் உடுப்பதும் மன்னனுக்கும் வேட்டுவனுக்கும் ஒன்றே என்று நக்கீரர் (புறம். 189) கூறும்போது ஆடை சமத்துவத்தின் சான்றாகிறது. நழுவும் ஆடையைப் பற்ற விரையும் கையை நட்புக்கு உவமையாக்கிய வள்ளுவரிடத்தும், நழுவுதல் சிரிப்புக்கு இடமாகாமல் மானத்துக்கு இடமாகிறது. ஆடை நழுவுவதைப் போல் குழந்தைகளைச் சிரிக்கவைக்கும் காட்சி வேறொன்றில்லை என்பதை நோக்க, இவ்வேறுபாடு சிந்திக்கத்தக்கது. கந்தையானாலும் கசக்கிக் கட்டச் சொல்லும் பழமொழியும், ஆள் பாதி ஆடை பாதி என்பதும் இந்த மான உணர்வின் வழக்காற்று வடிவங்கள்.

எள்ளலின் நிழல்

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகை தோன்றும் நிலைக்களன்களை எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்காக வகுக்கிறது. எள்ளலுக்கு உரைகூறும் பேராசிரியர், தான் பிறரை எள்ளி நகுவதும், பிறரால் தான் எள்ளப்பட்டபோது நகுவதும் என அதனை இருவகைப்படுத்துகிறார். உடையைப் பற்றிய சிரிப்பு எளிதில் சென்று விழும் இடம் இந்த எள்ளலே. காரணம் இலக்கியத்துக்கு வெளியே உள்ளது.

தமிழ்ச் சமூகத்தில் யார் எதை உடுக்கலாம் என்பது நெடுங்காலம் சாதியால் வரையறுக்கப்பட்டது. இடுப்புக்கு மேல் துணி, முழங்காலுக்குக் கீழ் வேட்டி, காலில் செருப்பு, தோளில் துண்டு ஆகிய ஒவ்வொன்றும் ஒருவருக்கு உரிமையாகவும் மற்றொருவருக்குக் குற்றமாகவும் இருந்தது. தென் திருவிதாங்கூரில் பல பத்தாண்டுகள் நீண்ட தோள்சீலைப் போராட்டத்தின் முடிவில் 1859இல் வெளியான அரச அறிவிப்புக்கூட, நாடார் பெண்கள் மேலாடை அணியலாம், ஆனால் உயர்சாதிப் பெண்கள் அணியும் முறையில் அன்று என்றே அமைந்தது. மேலாடை அணிந்ததற்காக அடிபட்டவர்களின் பேரப்பிள்ளைகள் பயிலும் வகுப்பறையில் ‘அவன் உடையைப் பார், சிரி’ என்று எழுதுவது எளிதன்று. குழந்தைப் பாடலாசிரியர்கள் அனைவரும் இதனை எண்ணிப் பார்த்தே ஒதுங்கினர் எனக் கொள்ள வேண்டியதில்லை. உடை என்றதும் சிரிப்பினும் மானம் முன்வந்து நிற்கும் மொழிச்சூழலில் அவர்கள் எழுதினர் என்பதே போதும்.

இதனோடு தேசிய இயக்கமும் சேர்ந்துகொண்டது. 1921 செப்டம்பரில் மதுரையில் காந்தியடிகள் அரையாடைக்கு மாறிய பின்னர், ஆடை ஓர் அரசியல் அறமாயிற்று. அன்றைய சேலம் மாவட்டத்து மோகனூரில் பிறந்த நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை இராட்டையைப் பாடியவர். கதர் பாடப்படலாம், கதரைக் கண்டு நகைக்க இயலாது. பாரதியார் 1915இல் வெளியிட்ட பாப்பாப் பாட்டிலோ குருவி, கோழி, காக்கை, பசு, நாய், குதிரை எனப் பல உயிர்கள் வருகின்றன, உடை வரவில்லை. தமிழில் நவீனக் குழந்தைப் பாடலுக்கு வழிகாட்டியாகக் கொள்ளப்படும் அப்பாட்டு விலங்குகளை விளையாட்டுத் தோழர்களாக்கிற்று. பின்வந்த பலரும் விலங்குகளிடமே வேடிக்கையைத் தேடிச் சென்றதற்கு அதுவும் ஒரு காரணமாகலாம்.

சட்டையும் எதுகையும்

அழ. வள்ளியப்பாவின் ‘மலரும் உள்ளம்’ 1944இல் வெளிவந்தது. 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் தோன்றியது. இக்காலத்தில் குழந்தைப் பாடலின் யாப்பு ஓர் இணக்கத்தைக் கண்டது. மரபான தமிழ்ச் செய்யுளின் இன்னோசை அடிகளின் தொடக்கத்தில் வரும் எதுகையில் உள்ளது. ஆங்கில மழலைப் பாடல்களின் ஓசையோ அடியிறுதியில் உள்ளது. வள்ளியப்பாவும் அவர் வழிவந்தோரும் அடித்தொடக்க எதுகையை விடாமலே அடியிறுதி இயைபையும் பெருக்கிக்கொண்டனர். ஒரே அடிக்கு இரு முனைகளிலும் மணி கட்டியதுபோல் ஆயிற்று.

உடைப்பெயர்கள் இதற்கு எவ்வளவு இடங்கொடுப்பவை என்பது தனியே நோக்கத்தக்கது. எதுகையில் இரண்டாம் எழுத்து ஒன்றுவதோடு முதலெழுத்தின் மாத்திரையும் ஒத்திருக்க வேண்டும். ஆகவே ‘சட்டை’க்கு முட்டை, மொட்டை, கட்டை, பட்டை, குட்டை ஆகியன உறவு, ‘கோட்டை’, ‘மூட்டை’, ‘வேட்டை’ ஆகியன நெடில் முதலாயினமையின் அதற்கு உறவாகா, அவை ‘கோட்டு’ என்னும் வந்தேறிச் சொல்லுக்கு உறவாகும். சட்டை, முட்டை, மொட்டை என்று மூன்று சொற்களை அடுத்தடுத்து நிறுத்திய அளவிலேயே ஒரு குழந்தையின் மனத்தில் கதை தொடங்கிவிடுகிறது: முட்டைக்குச் சட்டை யார் தைத்தது? மொட்டைத் தலை வழியே அது எளிதாக இறங்குமா? பாடலாசிரியர் செய்ய வேண்டியது மிகக் குறைவு. சொல்லுக்குள்ளேயே உறங்கும் இவ்வேடிக்கையை அச்சுமரபு முழுதும் பயன்கொள்ளவில்லை என்பதுதான் வருந்தத்தக்கது.

தமிழ் அகராதியே இவ்வகையில் ஒரு வேடிக்கை நூல். கையும் தோளும் இல்லாத பாம்புக்குத் தமிழர் சட்டை அணிவித்திருக்கின்றனர். அது ஆண்டுதோறும் சட்டையை உரித்துப் போடுகிறது. ஒருவர் சொல்லை மதியாதவர் அதனைச் ‘சட்டை செய்யாதவர்’ ஆகிறார். தையற்காரரும் சட்டை செய்யாவிட்டால் என்னவாகும் என்பது எந்தக் குழந்தையும் கேட்கக்கூடிய கேள்வி. ஏமாற்றுவது ‘குல்லாய் போடுவது’ ஆகிறது. குல்லாய் என்றதும் நினைவுக்கு வருவது குல்லாய் வணிகனும் குரங்குகளும் என்னும் கதை. வணிகன் உறங்க, குரங்குகள் குல்லாய்களை அணிந்து மரத்தில் அமர, அவன் சினந்து தன் குல்லாயை எறிய, அவையும் எறிய, ஒருவழியாகச் சரக்கு மீள்கிறது. இக்கதையை ஒத்த ஒன்றை அமெரிக்காவில் எஸ்பிர் சுலோபோத்கினா 1940இல் படநூலாக்கினார். அது பல தலைமுறைக் குழந்தைகளின் நூலாயிற்று. தமிழில் அதே கதை வாய்மொழியிலும் பள்ளி வாசிப்பிலும் புத்திசாலித்தனத்தின் பாடமாகவே பெரிதும் சொல்லப்பட்டது. ஒரே தலையில் அடுக்கடுக்காகக் குல்லாய்கள் நிற்கும் காட்சியின் வேடிக்கை பின்தள்ளப்பட்டது.

பிறமொழிகளில் ஆடை வேடிக்கை

எட்வர்டு லியர் 1877இல் வெளியிட்ட நகைச்சுவைப் பாடல் தொகுப்பில் ஒரு முதியவர் முற்றிலும் புதுமையான உடையொன்றைப் புனைகிறார். தொப்பி ரொட்டி; மேலங்கி அப்பம்; போர்வை முட்டைக்கோசு இலை. தெருவில் இறங்கியதும் விலங்குகளும் சிறுவர்களும் பாய்ந்து அனைத்தையும் தின்றுவிட, அவர் வெற்றுடம்போடு வீடு திரும்புகிறார். வங்காளத்தில் சுகுமார் ராயின் ‘ஆபோல் தாபோல்’ (1923) காட்டும் ஓர் அரசவையில் அரசியின் தலையில் எந்நேரமும் தலையணை கட்டப்பட்டிருக்கிறது. உருசிய மொழியில் சாமுயில் மார்ஷக் 1930இல் படைத்த மறதிக்காரர், தொப்பி என்று வாணலியைக் கவிழ்த்துக்கொள்கிறார். சட்டைக்குள் கைநுழைத்தால் அது காற்சட்டையாக இருக்கிறது. தொல்காப்பியர் வகுத்த நான்கனுள் இது பேதைமை. ஆண்டர்சனின் அரசன் (1837) இல்லாத ஆடையை உடுத்து ஊர்வலம் வருவது, பிறர் சொன்னதைக் கொண்டு விடாத மடன்.

தமிழ்ச் சூழலுக்கு இவற்றினும் நெருங்கியவை கொர்னேய் சுக்கோவ்ஸ்கியின் இரு பாடல் நூல்கள். 1923இல் வந்த ஒன்றில், அழுக்குப் பிள்ளையைக் கண்டு போர்வை ஓடுகிறது, படுக்கை விரிப்பு பறக்கிறது, தலையணை தவளைபோல் தாவி அகல்கிறது. தூய்மையாயிரு என்னும் அறிவுரைதான் அங்கும் உள்ளது. ஆனால் அறிவுரையைக் கூறும் பொறுப்பைத் துணிகளே ஏற்றுக்கொண்டன. தமிழில் நம் பாடநூல் பாடல்கள் பலவும் அதே அறிவுரையை ஆசிரியரின் குரலில் கூறிவிட்டு நகர்ந்தன. மற்றொரு நூலில் இலைக்கு மாறாகக் காலணிகளும் காலுறைகளும் காய்க்கும் ஓர் அற்புத மரம் வருகிறது. காலணி கிழிந்தவர்களும் இல்லாதவர்களும் வந்து பறித்துக்கொள்ள அழைக்கப்படுகின்றனர். உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய வறுமைக்காலத்து நூல் அது. வெறுங்காலை அது எள்ளவில்லை. வெறுங்காலுக்காக ஒரு மரத்தையே நட்டது. சமணர் கூறும் பத்துவகைக் கற்பக மரங்களுள் ஆடை தரும் மரமும் ஒன்று என்பதை இதனோடு வைத்து எண்ணினால், தமிழிலும் அத்தகைய மரத்துக்கு வேர் இருந்தமை விளங்கும்.

துணியே படமாதல்

தமிழில் வேடிக்கைப் பாடல் இருந்தும் வேடிக்கைப் படநூல் அரிதாயிருந்தமைக்கு அச்சுச் செலவு ஒரு வெளிப்படையான காரணம். பல வண்ணப் பக்கங்கள் கொண்ட மெல்லிய நூலை மலிவாகத் தருவது பதிப்பகங்களுக்குக் கடினம். பாடல்தொகுப்பு என்றால் ஒரு கோட்டோவியத்தோடு பக்கத்துக்கு ஒரு பாடல் என முடித்துவிடலாம். நியூ செஞ்சுரி புத்தக நிறுவனம் வாயிலாக மலிவு விலையில் கிடைத்த சோவியத் நூல்கள் பெரிய வண்ணப்படங்களைத் தமிழ்க் குழந்தைகளின் கைகளில் சேர்த்தன. அவற்றின் குழந்தைகள் கம்பளித் தொப்பியும் உரோம மேலங்கியும் அணிந்திருந்தனர். சமவெளித் தமிழ்க் குழந்தைக்கு அவ்வுடைகள் தம்மளவிலேயே வேடிக்கை.

1990களில் சென்னையில் தாரா (1994), தூலிகா (1996) ஆகிய பதிப்பகங்கள் தோன்றியபோது நிலைமை மாறியது. தாரா வெளியிட்ட அனுஷ்கா ரவிசங்கரின் ஆங்கில வேடிக்கைப் பாடல்களுள் ஒன்று, அனிதா லாய்ட்விலரின் துணி ஒட்டுவேலைப்பாடுகளைப் படங்களாகக் கொண்டது (2001). அந்நூலில் துணி பேசுபொருளாக இல்லை. தாளின் இடத்தைத் துணி பிடித்துக்கொண்டது. 2006இல் தூலிகா வெளியிட்ட, சந்தியா ராவ் எழுதி நீனா சப்னானி படம் வரைந்த, அம்மாவின் சேலையைப் பற்றிய நூல் இன்னும் ஒரு படி சென்றது. உண்மைச் சேலைகளின் ஒளிப்படங்களின்மேல் வண்ணம் தீட்டிய குழந்தைகள் ஆடுகின்றனர். சேலை தொடர்வண்டியாகிறது, ஒளிந்து விளையாடும் திரையாகிறது, மூக்குத் துடைக்கவும் உதவுகிறது. இந்நூல் உடுத்தியவரைப் பார்த்துச் சிரிக்கவில்லை என்பதே இவ்வாய்வுக்கு முதன்மையானது. தொல்காப்பியத்தின் சொல்லில் இது எள்ளலைத் தவிர்த்து இளமையில் பிறந்த நகை. தாயின் பழஞ்சேலையில் கட்டிய தூளியில் உறங்கி வளர்ந்த ஒரு சமூகத்துக்குச் சேலை உடையாவதற்கு முன்பே விளையாட்டுப் பொருள். எழுத்து மரபு இதனைக் கண்டுகொள்ள இத்தனை காலம் எடுத்துக்கொண்டது வியப்பே.

எனினும் இவை பெரும்பாலும் நகரப் புத்தகக் கடைகளிலும் வசதியுள்ள பள்ளிகளிலும் புழங்கிய நூல்கள். அழகிய படநூலின் விலை ஒரு தோட்டத் தொழிலாளர் குடும்பத்துக்குச் சிறிதன்று.

மலைமேல் உடை

சேர்வராயன் மலையில் உடையின் வரலாறு குளிரோடும் காப்பியோடும் பின்னியது. 1820களில் சேலம் ஆட்சியராயிருந்த எம். டி. காக்பர்ன் காலத்தில் இங்குக் காப்பி வந்தது. தோட்டங்களும் ஐரோப்பியர் குடியிருப்புகளும் பின்னர் உறைவிடப் பள்ளிகளும் எழுந்தன. மான்போர்ட் பள்ளி 1917இல் நிறுவப்பெற்றது. ஆங்கில மழலைப் பாடல்களும் சீருடையும் ஒரே காலத்தில் ஒரே மலைப்பாதை வழியே ஏறின எனலாம். அதே மலையின் மலையாளி ஆடவரை 1909இல் வெளியான தர்ஸ்டனின் தென்னிந்தியக் குலங்கள் பற்றிய தொகுதி, தலைப்பாகையும் பழுப்புநிறக் கம்பளியுமாக வரைந்து காட்டுகிறது. இத்தகைய ஆவணங்கள் உடையை மக்களைத் தரம்பிரிக்கும் அடையாளமாகவே கண்டன. மலையில் கம்பளி ஒரே வேளையில் போர்வை, மழைக்காப்பு, படுக்கை. ஒரு துணி பல பொருளாக மாறும் இப்பயன்பாட்டைத்தான் நூறாண்டுக்குப் பின் ஒரு சேலைப் படநூல் கற்பனை விளையாட்டாகக் கண்டெடுத்தது.

இன்று தமிழ்நாட்டு அரசு, மலைப்பகுதி அரசுப் பள்ளிகளில் 1 முதல் 8 வரையிலான வகுப்பினருக்குச் சீருடையோடு கம்பளிச்சட்டை, மழையாடை, கணுக்காலணி, காலுறை ஆகியவற்றையும் விலையின்றி வழங்கும் திட்டத்தை நடத்துகிறது. சுக்கோவ்ஸ்கியின் மரம் காய்த்தது போன்ற ஒன்று இது. ஆனால் அதைப் பற்றிய பாடல் இல்லை. 2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கம் ‘நுழை’, ‘நட’, ‘ஓடு’, ‘பற’ என்னும் நான்கு படிநிலைகளில் சிறு படநூல்களை அரசுப் பள்ளிகளுக்குக் கொண்டுசேர்த்தது. விலை என்னும் பழைய தடை அங்கு நீங்கியது. சமவெளியில் எழுதப்படும் உடைப்பாடல் ‘துவைத்து உடுத்து’ என்று கூறும்போது, மாற்றுடை ஒன்று இருப்பதை முன்கொள்கிறது. அடைமழையில் மூன்று நாளாகியும் துணி உலராத மலைச்சிற்றூர்ப் பிள்ளைக்கு அது பாட்டாக ஒலிப்பதினும் குற்றச்சாட்டாக ஒலிக்கவே வாய்ப்பு மிகுதி. உலராத சட்டை அடுப்பருகே தொங்கிக்கொண்டு பள்ளிக்கு வர மறுக்கிறது என்று எழுதினால் குற்றம் பிள்ளையை விட்டுச் சட்டைக்குப் போய்ச் சேரும். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவே எள்ளலுக்கும் இளமைக்கும் இடையிலுள்ள தொலைவு.

இதற்கு வேண்டிய சொல்வளம் மலையிலேயே உள்ளது. ‘கம்பளி’க்குத் தம்பி, கம்பி, கொம்பு, தும்பி எல்லாம் குறில்முதல் எதுகைகள், எதுகைக்கு எளிதில் அகப்படாத ‘ஸ்வெட்டர்’ அருகில் நிற்கவும் தகுதியற்றது. மழை தொடங்கியதும் மலைப்பாதைகளிலும் வேலிகளிலும் ஊர்ந்துவரும் ஒரு புழுவுக்குத் தமிழர் வைத்த பெயர் கம்பளிப்பூச்சி. எந்தத் திட்டத்திலும் பெயர் பதியாமல் கம்பளி அணிந்து திரியும் அவ்வுயிர், ஒருநாள் அதைக் கழற்றிப் போட்டுவிட்டு வண்ண உடையோடு பறந்துபோகிறது.